உங்கள் குடும்பத்தில் மிக நீண்ட காலம் வாழ்ந்தவர் யார்? அவரைப் பற்றி எது நினைவில் நிற்கிறது?

என் ஐயா. அப்பச்சியை, அதாவது அப்பாவைப் பெற்றவர். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் அப்பாவின் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். 1925-இல், குரோதன வருடம் ஆவணியில் பிறந்தவர், 2022-இல் தை மாதக் கடைசியில் காலமானார். தொண்ணூற்றாறு முடிந்து தொண்ணூற்றேழு நடந்துகொண்டிருந்தது.

இந்த வயதைச் சொன்னதும் எல்லோரும் அடுத்துக் கேட்பது, "என்ன சாப்பிட்டார்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். செட்டிநாடு என்றதும் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், ஆயிரம் ஜன்னல் என்று சினிமாவில் பார்த்தது எல்லாம் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டிலும் தூண் உண்டு, வளவும் உண்டு. ஆனால் அது பல பங்காளிகளின் வீடு. அதில் எங்கள் பங்குக்கு வந்தவை ஓர் அறையும் இரண்டாம் கட்டில் ஓர் அடுப்படியும்தான். ஐயா முதலாளி வர்க்கமும் இல்லை. இன்னொருவர் கடையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்.

பத்து வயதில் தகப்பனாரை இழந்தார். 1938-இல், பதின்மூன்று வயதில், அம்மான் ஒருவர் சிபாரிசில் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, மேல்தளப் பயணியாக ரங்கூன் போய் இறங்கினார். வேலை: வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன். அந்தக் காலத்துக் கடை வரிசை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரில் முதலாளி இருப்பார். அங்கே கடையை நடத்துபவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். கடைசியில், பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிற சிறுவன்தான் பெட்டியடிப் பையன். மூன்று வருடம் ஒரு தவணை. தவணை முடிந்தால்தான் ஊர் திரும்பலாம்; மாற்று ஆள் வந்த பிறகுதான் புறப்படலாம்.

ரங்கூனில் மொகல் தெருவில்தான் செட்டியார் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான ஒரே கூடம். அதில் வரிசையாகப் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய், ஒரு மேசைப்பெட்டி, ஒரு இரும்புப்பெட்டி. பகலில் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் படுத்துக்கொள்ள வேண்டும். ஐயா அங்கே கற்றது பர்மியப் பேச்சும் வட்டிக் கணக்கும். பர்மிய மொழியில் பெரும்பகுதி மறந்துவிட்டது, எண்கள் மட்டும் போகவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியாமல் பணம் எண்ண வேண்டுமென்றால் "தித், ஹ்னித், தோன், லே, ங்கா" என்று முணுமுணுத்து எண்ணுவார். ஐந்து வரை எங்களுக்கும் பாடமாகிவிட்டது என்று தெரிந்த பிறகு மனத்துக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

வட்டிக் கணக்கு கடைசி வரை போகவில்லை. நான் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் கேட்டார்: "1,250 ரூபாய், முக்கால் வட்டி, இரண்டு மாதம் பத்து நாள். எவ்வளவு?" நான் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் விடை சொல்லிவிட்டார்: 21 ரூபாய் 14 அணா (பதினாறணா ஒரு ரூபாய்). எப்படி என்றேன். "நூற்றுக்கு முக்கால் என்றால் ஆயிரத்துக்கு ஏழரை, இருநூற்றைம்பதுக்கு ஒன்றே முக்காலும் அரைக்காலும். ஆக மாதம் ஒன்பது ரூபாய் ஆறணா. இரண்டு மாதத்துக்குப் பதினெட்டு ரூபாய் பன்னிரண்டணா. பத்து நாள் என்பது மூன்றில் ஒரு பங்கு, மூன்று ரூபாய் இரண்டணா. கூட்டிக்கொள்." காகிதம் கிடையாது. விரல்கூட அசையவில்லை. நான் அந்தத் தேர்வில் தேறியதற்குப் பயிற்சி வகுப்பைவிட இவர்தான் காரணம்.

1957-இல் நயா பைசா வந்ததைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது. பதினாறணாவை எட்டாக, நான்காக, இரண்டாக, ஒன்றாக நான்கு முறை பாதியாக்கலாம். நூறு பைசாவோ இருபத்தைந்துக்கு மேல் பாதியாக மறுக்கிறது என்பார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அரைக்கால் (எட்டில் ஒன்று), மாகாணி (பதினாறில் ஒன்று) என்று எண்சுவடி படித்த தலைமுறைக்கு அது வெறும் நாணய மாற்றம் அல்ல. மனப்பாடம் செய்திருந்த வாய்ப்பாடெல்லாம் ஒரே நாளில் பயனற்றுப்போனது.

பர்மாவைப் பற்றி ஊரில் எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். ஐயா பேசமாட்டார். ஒரு திருமண வீட்டில் யாரோ, "நம் சொத்தையெல்லாம் பர்மாக்காரன் பிடுங்கிக்கொண்டான்" என்றபோது, "அது முதலில் யாருடைய நிலம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். 1930 வாக்கில் உலகெங்கும் விலை விழுந்தபோது நெல் விலையும் சரிந்தது. கடன் வாங்கிய உழவர்களால் கட்ட முடியவில்லை. ஈட்டுக்கு வைத்த வயல்கள் கடைகளின் பெயருக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 100-க்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம், 1937-இல் 25 பங்காகிவிட்டது. வட்டிக்கடைக்காரர்களுக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை, ரொக்கம்தான் வேண்டியிருந்தது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன்? பெட்டியடிப் பையன் அந்தப் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு அலைந்தவர். கைரேகை வைத்தவர்களின் முகங்களைப் பார்த்தவர். நான் அவரை மதிப்பதற்கு இது ஒரு காரணம்.

1941-இல் அவருடைய தவணை முடிந்துவிட்டது. மாற்று ஆள் வரவில்லை. டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும். கப்பலில் இடம் பிடிக்கப் பணமும் செல்வாக்கும் வேண்டும். கிட்டங்கியில் மிஞ்சியவர்கள் ப்ரோம் வரை ரயிலில் போய், அங்கிருந்து அரக்கான் மலையைக் கடந்து தவுங்குப் என்ற கடற்கரை ஊருக்கு நடந்தார்கள். நூறு மைலுக்கு மேல். அங்கிருந்து படகு, அக்யாப், சிட்டகாங், கல்கத்தா, சென்னை. ஐயாவுக்கு அப்போது வயது பதினாறு.

அந்த நடையை அவர் ஒரே மூச்சில் ஒரு நாளும் சொன்னதில்லை. எங்களுக்குத் தெரிந்தவையெல்லாம் பல வருடங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேர்ந்தவை. மேலாள் கடைப் புத்தகங்களைப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாராம். ஐயாவுக்குப் பேரேடு வந்தது. அதை வேட்டியில் சுற்றி முதுகோடு கட்டிக்கொண்டார். மலையில் தண்ணீர் கிடையாது. கிடைத்த தண்ணீரில் காலரா. வழியோரம் விழுந்தவர்களைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். அடுத்தாள் அந்த மலையிலேயே போய்விட்டார். அவருடைய பெயரைச் சொல்லும்போது மட்டும் ஐயா, "அவர் எனக்கு ஐந்து ரூபாய் தர வேண்டும்" என்பார். சிறு வயதில் எனக்கு அது கொடூரமாகத் தோன்றியது. செத்தவரிடம் கூடவா பாக்கி கேட்பது? வளர்ந்த பிறகுதான் பிடிபட்டது: பாக்கி இருக்கும் வரை கணக்கை மூட முடியாது, மூடாத கணக்கில் பெயர் இருந்துகொண்டே இருக்கும். அவருக்கு ஒருவரை நினைத்துக்கொள்ள அதைவிட நல்ல வழி தெரிந்திருக்கவில்லை.

ஊர் வந்ததும் நேரே முதலாளி வீட்டுக்குப் போய்ப் பேரேட்டைக் கொடுத்தார். முதலாளி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, புறப்பட்ட நாள் வரைக்கும் சம்பளத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார். நடந்த நாட்களுக்குக் கிடையாது. ஐயா இதைக் குறையாகச் சொன்னதே இல்லை, "கடை பூட்டின நாளோடு சரி" என்பார். எனக்குத்தான் இன்றும் மனம் ஆறவில்லை. அந்தப் பேரேட்டில் இருந்த கடன்களில் ஒரு காசு திரும்பவில்லை. பர்மா 1948-இல் விடுதலை பெற்றதும் நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. 1962-க்குப் பிறகு ராணுவ ஆட்சி மிச்சக் கடை கண்ணிகளையும் எடுத்துக்கொண்டது. ஆக, பதினாறு வயதுப் பையன் முதுகில் சுமந்து வந்தது வெறும் காகிதம்.

அதன் பிறகு அவருடைய வாழ்க்கையில் சம்பவம் என்று பெரிதாக எதுவும் இல்லை. 1947-இல் திருமணம். காரைக்குடியில் ஓர் இரும்புக்கடையில் கணக்கு எழுதினார். நான்கு பிள்ளைகள். வள்ளல் அழகப்பச் செட்டியார் அதே 1947-இல் ஊரில் கல்லூரி தொடங்கியிருந்ததால் எங்கள் அப்பச்சி வீட்டில் இருந்தபடியே பட்டம் வாங்கினார். உண்மையில் எங்கள் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது பர்மா அல்ல, அந்தக் கல்லூரிதான்.

வீட்டுக்கு அவர் எழுதிய கணக்கைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பங்குனி கடைசியில் பழைய நோட்டை முடிப்பார். சித்திரை முதல் நாள் புதிய நோட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, "சிவமயம்" என்று எழுதி, முதல் வரவாக முருகன் பெயரில் ஒரு ரூபாய் வைப்பார். எண்களெல்லாம் தமிழ் எண்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு, கைக்குழந்தைக்கும் சேர்த்து. வருட முடிவில் ஐந்தொகை, அதாவது மொத்த வரவு செலவுக் கணக்கு, போட்டுக் கூடத்தில் வாசிப்பார். பள்ளிக் கட்டணம் இவ்வளவு, வைத்தியம் இவ்வளவு, மகமை இவ்வளவு என்று வரும். யாருக்கும் கேட்கப் பொறுமை இருக்காது. எழுந்து போகத் துணிவும் இருக்காது.

அந்த நோட்டில் அப்பத்தாதான் (ஐயாவின் மனைவி) பெரிய கடன் கொடுத்தவர்! சீதனப் பணம் பெண்ணின் பெயரில் தனியாக வட்டியோடு நிற்க வேண்டும் என்பது பழைய வழக்கம். ஐயா வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து எடுத்தபோதெல்லாம் கடனாகவே எழுதினார். தீபாவளிக்கு முதல் நாள் வட்டியை வெற்றிலையில் வைத்துக் கொடுப்பார். அப்பத்தா எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரு ரூபாய் குறைகிறது" என்பார். குறையாது. அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு.

நான் முதல் சம்பளத்தில் அவரிடம் 500 ரூபாய் கொடுத்துக் கும்பிட்டேன். வாங்கிக்கொண்டார். அடுத்த சித்திரையில் ஐந்தொகை வாசிக்கும்போது என் பக்கத்தில் அது வரவாக இருந்தது, அரை வட்டியோடு. "ஐயா, அது அன்பளிப்பு" என்றேன். "கொடுத்தவள் நீ. அதை எப்படி எழுத வேண்டும் என்பது என் வேலை" என்றார். என் திருமணத்தின்போது அந்த 500 ரூபாய் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. கூடவே அவர் தனியாகச் சேர்த்திருந்த ஒரு தொகையும். அதற்கு நோட்டில் பதிவே கிடையாது. அவர் எழுதாமல் செலவழித்தது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஊரில் திருமணமென்றால் இசைகுடிமானம் எழுத இவரைத்தான் கூப்பிடுவார்கள். நகரத்தார் திருமணத்தில் எழுதிக்கொள்ளும் பத்திரம் அது. கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்பதுடன், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவார். தட்சிணை வாங்கமாட்டார். ஆனால் பந்தியில் கவுனி அரிசி இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுவார். கறுப்பாக, ஒட்டும் பதத்தில், தேங்காயும் சர்க்கரையும் போட்டுச் செய்வோமே, அந்த அரிசியே பர்மாவிலிருந்து வந்தது என்பார்கள். அவர் பர்மாவைப் பற்றி மகிழ்ச்சியோடு பேசியது அந்த இலையில் மட்டும்தான்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பார். காவடிகளோடு குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் நடக்க வேண்டும். எழுபத்தெட்டு வயது வரை விடவில்லை. ஒரு வருடம் நானும் போனேன். நத்தத்துக்கு முன்பே கால் கொப்பளித்துவிட்டது. அவர் உட்கார்ந்து, என் பாதத்தைத் தன் மடியில் வைத்து, வேப்பெண்ணெய் தடவிப் பழைய வேட்டிக் கிழிசலை விரல்களுக்கிடையில் ஒவ்வொன்றாக நுழைத்துச் சுற்றினார். முடிச்சைக் கணுக்காலுக்கு மேலே போட்டார். கீழே போட்டால் உரசும் என்றார். எங்கே கற்றீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே, "சாயங்காலம் அவிழ்க்காதே, காலையில் அவிழ். அங்கே அவிழ்த்தவர்களால் மறுநாள் நடக்க முடியவில்லை" என்றார்.

சதாபிஷேகத்தை எண்பது முடிந்ததுமே வைத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயிரம் பிறை கண்டவருக்குத்தானே சதாபிஷேகம்? ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். அப்படியானால் ஆயிரம் பௌர்ணமிக்கு எண்பது வருடமும் பத்து மாதமும் ஆகிறது. "பணம் வருவதற்கு முன்னால் ரசீது போடக் கூடாது" என்று சொல்லி, 2006 ஆனியில்தான் வைத்துக்கொண்டார்.

2011-இல் அப்பத்தா போனார். அறுபத்து நான்கு வருடத் துணை. எங்கள் வழக்கத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான் ஒரு புள்ளி. கோயில் வரியெல்லாம் புள்ளிக் கணக்கில்தான். ஒருவர் போய்விட்டால் மற்றவர் அரைப்புள்ளி. அடுத்த வருடம் ரசீது அப்படித்தான் வந்தது. அதை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து, கட்டிய வரியைச் செலவில் எழுதினார். அப்பத்தாவின் பக்கத்தை மட்டும் முடிக்கவில்லை. வருடாவருடம் வட்டியைக் கூட்டிக்கொண்டே வந்தார். அந்தப் பணம் பேத்திகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எழுதி வைத்திருந்தது பின்னால்தான் தெரிந்தது.

2021-இல் கொரோனாத் தடுப்பூசி போட அழைத்துப் போனபோது, ஊசி போட்ட சீட்டைக் கேட்டு வாங்கிப் பையில் பத்திரப்படுத்தினார். "போனில் வந்துவிடும் ஐயா" என்று சொல்லியும் கேட்கவில்லை. ப்ரோமில் காலரா ஊசி போட்ட சீட்டு இல்லாதவர்களை மேலே விடவில்லையாம். எண்பது வருடத்துக்கு முந்தைய சோதனைச் சாவடி அவருக்கு இன்னும் திறந்தே இருந்தது.

இப்போது ஆயுள் ரகசியம். எனக்குத் தெரிந்து அப்படி ஒன்று இல்லை. வெற்றிலை போட்டார், மூன்று வேளையும் காபி குடித்தார், சர்க்கரை தூக்கலாக. நிறைய நடந்தார், உண்மைதான். ஆனால் அவரோடு நடந்த அடுத்தாள் இருபத்தைந்து வயதில் மலையில் விழுந்தார். கூடப் பிறந்த நால்வரில் மூவர் நாற்பதைத் தாண்டவில்லை. அதே வீடு, அதே சாப்பாடு. அவருடைய உணவுப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் போன உறவினர்கள் சிலர் அவருக்கு முன்பே போய்விட்டார்கள்.

நோட்டுகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. எங்கள் கோட்டையூர்க்காரர் ஒருவர் சேர்த்த புத்தகங்களிலிருந்துதான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அதுபோன்ற ஓர் இடத்துக்கு இவற்றையும் கொடுத்துவிடலாம் என்கிறான் தம்பி. அப்பச்சிக்குச் சம்மதம் இல்லை. 1978-ஆம் வருட நோட்டில் நெருங்கிய உறவினர் ஒருவர் வாங்கித் திருப்பாத கடன் இருக்கிறது, ஊர் பார்க்கக் கூடாதாம். அந்த வீட்டோடு அடுத்த ஆவணியில் சம்பந்தம் வேறு பேசிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக் கணக்குகளை வைத்து ஆராய்ச்சி செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். அந்த ஒரு நோட்டைத் தவிர மற்றவற்றைக் காட்டுகிறேன். தமிழ் எண்கள் தெரிந்திருக்க வேண்டும்.